ஐம்பத்தைந்து பாகை

என் கணவர் லண்டனுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. போகும்போது இரண்டு வருடம் என்றுதான் சொன்னார். அகதி வழக்கு முடியாமல் அங்கிருந்து வரமுடியாது, வந்தால் திரும்பிப் போகமுடியாது. வழக்கு என்ன மாதிரி என்று கேட்டால், "நடக்குது" என்பார். தேர் கூட இழுத்த அன்றே இருப்பிடத்துக்கு வந்துவிடும். இந்த வழக்கு பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போகும்போது எனக்கு முப்பத்தொரு வயது. அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது முழுக்க ஒரு பொய்லரைப் பற்றியது.

எங்கள் வீடு புங்குடுதீவில். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், வேலணையில். பஸ் ஒழுங்காக வந்தால் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். இரண்டரைக்கு அவருடைய அழைப்பு வரும். அப்போது அங்கே காலை ஒன்பது மணி. பலசரக்குக் கடை ஒன்றில் அவருக்கு வேலை, பத்து மணிக்குப் போகவேண்டும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் கதைத்தோம். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கோபம் ஒன்றுமில்லை. கதை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

இந்த 'வேறை' என்ற சொல்லை நாங்கள் இருவரும் மாறிமாறி எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம் என்று தெரியாது. சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. எங்கள் தீவில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொலைபேசியில் நல்லதை மட்டும்தான் சொல்லவேண்டும். கிணறு வற்றினால் சொல்லக்கூடாது, காய்ச்சல் என்றால் மாறிய பிறகுதான் சொல்லவேண்டும். அங்கிருப்பவருக்கும் அதே சட்டம்தான். தூரத்தில் இருப்பவருக்குக் கவலையைக் கொடுத்து என்ன செய்வது, ஓடிவரவா முடியும்? நியாயமான வழக்கம்தான். ஆனால் ஒரு குடும்பத்தில் கெட்டதைக் கழித்துவிட்டால் மிஞ்சும் கதை ஐந்து நிமிடத்துக்குக் கூடக் காணாது.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, ஞாயிறு அல்லாத நாளில், அவர் எடுத்தார்.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதையும். உம்மட்டை ஒரு விஞ்ஞானக் கேள்வி கேக்கவேணும்."

அவரும் வேறு நான்கு பேரும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டைச் சூடாக்கும் பொய்லரைப் பார்த்துக்கொண்ட ஆள் வேறு ஊருக்குப் போய்விட, அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருந்தது. போன மாதக் காஸ் பில்லைப் பார்த்து ஐந்து பேருக்கும் சண்டை. இவர் கைபேசியைத் தூக்கிக் குசினிச் சுவரைக் காட்டினார். சிறிய அலுமாரி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் முகத்தில் இரண்டு திருகிகள், ஒன்று அறைகளுக்குப் போகும் தண்ணீருக்கு, மற்றது குளிக்கிற தண்ணீருக்கு. இரண்டையும் யாரோ முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள். காலையில் குளிருது என்று ஒருவர் கூட்டுவார், மத்தியானம் வேகுது என்று இன்னொருவர் யன்னலைத் திறப்பார். யன்னலைத் திறந்துவிட்டு லண்டனைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஐந்து ஆம்பிளைகளும்.

எனக்குப் பொய்லர் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்பதே இங்கே இருப்பவருக்கு வேடிக்கை. எனக்குத் தெரிந்த குளிர், மார்கழிக் காலையில் பாலத்தால் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இருக்கும் குளிர். அதற்கே சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துவேன். ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபது வருடம் படிப்பித்த வாய்.

"நாளைக்கு இதே நேரம் எடுங்கோ, சொல்லுறன்."

ஆசிரியர் ஓய்வறையில் கைபேசியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அடுத்தநாள் அவர் எடுத்தபோது பாடமே எடுத்துவிட்டேன்.

"பிட்டு அவிச்சு நீத்துப்பெட்டியை எடுக்கேக்கை கையிலை ஆவி பட்டால் எப்பிடிச் சுடும்?"

"கொதிதண்ணியை விடச் சுடும்."

"ஏன்? ஆவி தண்ணியாகேக்கை, தனக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்த வெப்பத்தை எல்லாம் உங்கடை கையிலை விட்டிட்டுப் போகும். உங்கடை பொய்லரின்ரை புகையிலையும் ஆவி இருக்கு. அதைத் தண்ணியாக்கி அந்த வெப்பத்தையும் பிடிக்கத்தான் உந்தப் பெட்டியைச் செய்திருக்கிறாங்கள். ஆனா அறையெல்லாம் சுத்திப்போட்டுத் திரும்பி வாற தண்ணி சூடாயே வந்தால் ஆவி எதிலை பட்டுக் குளிரும்? குளிராது. அப்பிடியே வெளியாலை போயிடும். உங்கடை காசு புகையாப் போகுது."

"அப்ப எத்தினையிலை வைக்கிறது?"

இந்த இடத்தில்தான் நான் பிழை செய்தேன். பிழை என்று தெரிந்தே செய்தேன். சரியான விடை எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் பொய்லருக்குப் போகிற தண்ணீரை ஐம்பத்தைந்து பாகை அளவில் வைத்தால் போதும், கடும் குளிர் நாட்களில் கொஞ்சம் கூட்டலாம். ஒரு வசனத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவர் நேற்றும் எடுத்தார், இன்றும் எடுத்திருக்கிறார். விடையைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஏன் எடுக்கப்போகிறார்?

"இப்ப எண்பதிலை நிக்குது. எழுபத்தெட்டுக்கு இறக்குங்கோ. இறக்கிப்போட்டு ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுங்கோ, போற தண்ணி எத்தினை, வாற தண்ணி எத்தினை, வெளியிலை எத்தினை எண்டு. ஒரேயடியா இறக்கக்கூடாது."

ஒரேயடியாக இறக்கினால் ஒன்றும் ஆகாது. அவர் நம்பினார். மலிவாக இரண்டு வெப்பமானி வாங்கிப் பொய்லருக்குக் கீழே வரும் குழாய்களில் கட்டினார்.

நான் ஒரு சீஆர் கொப்பி எடுத்து நான்கு நிரல் கீறினேன். இரண்டரை மணிக்கு அழைப்பு வரும், நான் பேனையோடு இருப்பேன். போறது எழுபத்தெட்டு, வாறது அறுபத்தொன்பது, வெளியில் பதினொன்று. எழுதுவேன். எழுதி முடித்த பிறகும் அவர் வைக்கமாட்டார். எந்த அறையில் சூடு பரப்பும் றேடியேற்றர் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறது, குளிக்கிற தண்ணீர் முதலில் எவ்வளவு நேரம் பச்சைத் தண்ணீராக வருகிறது, எல்லாம் சொல்வார். அவர் பத்து வருடம் இருந்த வீட்டை நான் அப்போதுதான் பார்க்கத் தொடங்கினேன். பொய்லருக்கு முன்னால் நின்று கதைத்தால் அவர் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

அடுத்த வீட்டு அக்கா மீன் கொண்டுவந்தால் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பா. அவவின் மனிசன் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுகிற ஆள்.

"ரீச்சர், புருசனோடை கதைக்கிறீரோ, பள்ளிக்கூடம் நடத்திறீரோ?"

"ரெண்டும்தான் அக்கா."

"வாறது எத்தினை, வாறது எத்தினை எண்டு கேக்கிறீர். அவர் எப்ப வாறார் எண்டு கேளுமன்."

அக்காவுக்கு வாயில் பூட்டு இல்லை. நான் மீனைக் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கார்த்திகை முழுக்க இரண்டு இரண்டு பாகையாக இறக்கினேன். பில் குறைந்தது, வீட்டில் சண்டை குறைந்தது. "உம்மாலை எனக்கு இஞ்சை மதிப்பு," என்றார். மார்கழியில் அறுபதுக்கு வந்தோம். எனக்குப் பயம் பிடித்தது, இன்னும் ஐந்து பாகைதான் மிச்சம். அதனால் ஒவ்வொரு பாகையாக இறக்கினேன். பொங்கலன்று ஐம்பத்தைந்து. இனி என்ன என்று யோசித்து, மற்றத் திருகியைப் பிடித்தேன். குளிக்கிற தண்ணீர். தொட்டியில் சேர்த்து வைக்கிற வகை என்றால் அறுபதுக்குக் கீழே இறக்கக்கூடாது, கிருமி வளரும். அவருடையது குழாயைத் திறக்கும்போதே சூடாக்குகிற வகை, நாற்பத்தெட்டே காணும். அதற்கும் மூன்று கிழமை ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு பாடத்தை இப்படி இழுக்கிற ஆசிரியரை நானே பழித்திருப்பேன்.

பொங்கலுக்குப் பிறகு அவருடைய கைபேசியின் கமரா பழுதாகிவிட்டது என்றார். குரல் மட்டும் வரும். குரல் வந்தால் எனக்குக் காணும் என்று சொன்னேன். அது பொய். அவர் வீட்டுக் குழாய் எத்தனை பாகை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தலை எவ்வளவு நரைத்துவிட்டது என்று தெரியாது, கமரா இருந்தபோதும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருந்துதான் கதைப்பார்.

மாசியில் ஒருநாள் வழக்கம்போலக் கணக்குச் சொன்னார்.

"போறது நாப்பத்தைஞ்சு. வாறது ஐம்பத்தைஞ்சு. வெளியிலை நாலு. சரி, நேரம் போட்டுது, வைக்கிறன்."

எழுதிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டாவது வாய்ச் சோற்றில்தான் உறைத்தது. தண்ணீர் நாற்பத்தைந்தில் வெளிக்கிட்டு, அறைகளையெல்லாம் சூடாக்கிவிட்டு, ஐம்பத்தைந்தில் திரும்பி வருமா? கொடுத்துவிட்டு வருபவன் கூடுதலாகக் கொண்டு வருவானா? பதினோராம் வகுப்புப் பிள்ளை எழுதினால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, 'மூளை எங்கே?' என்று எழுதுவேன்.

முதலில் சிரித்தேன். மாறிச் சொல்லியிருப்பார். பிறகு ஏதோ உறுத்த, கொப்பியை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன்.

பரிசோதனை செய்யாமல் பெறுபேறு எழுதும் பிள்ளையை எந்த விஞ்ஞான ஆசிரியரும் கண்டுபிடித்துவிடுவார். உண்மையாக அளந்த எண்கள் அப்படியும் இப்படியும் இருக்கும். செய்யாத பரிசோதனையின் எண்கள் வடிவாக இருக்கும். ஐப்பசியிலிருந்து பொங்கல் வரை அவருடைய எண்கள் ஏறியும் இறங்கியும் கிடந்தன, ஒருநாள் வித்தியாசம் ஏழு, மற்றநாள் பதின்மூன்று. பொங்கலுக்குப் பிறகு வித்தியாசம் எப்போதும் பத்து. பத்து, பத்து, பத்து, கடைசியாக இந்த மாறிப்போன எண். கமரா பழுதானதும் பொங்கலுக்குப் பிறகு.

சோறு காய்ந்துபோய்க் கிடந்தது. நல்ல நினைப்பு ஒன்றும் எனக்கு வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பெண்ணுக்கு, கணவர் வேறு வீட்டில் வேறு ஆளோடு இருப்பது ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவவும் நாள் தவறாமல் தொலைபேசியில் கதைத்தவதான். அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் எதைப் படிப்பித்தேன் என்று ஞாபகமில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. இரண்டரை மணி வரக்கூடாது என்று அந்த நான்கு மாதத்தில் முதல்தடவையாக நினைத்தேன்.

அழைப்பு வந்தது.

"போறது ஐம்பத்தைஞ்சு," என்று தொடங்கினார்.

"நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?"

"குசினியிலைதான். ஏன்?"

"நேற்று வாற தண்ணி போற தண்ணியை விடச் சூடு எண்டு சொன்னனீங்கள். அப்பிடி ஒரு பொய்லர் உலகத்திலை இல்லை. எங்கை நிக்கிறியள்?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கடைக்கு மேலை ஒரு அறை," என்றார். "சாமான் அடுக்கிற அறை. வீட்டுக்காரன் வீட்டை வித்துப்போட்டான். எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போட்டாங்கள்."

"எப்ப?"

"பொங்கலுக்கு அடுத்த நாள்."

"தனியவோ?"

"வேறை ஆரோடை? அரிசி மூட்டையோடைதான்."

ஆறுதலும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன.

"அங்கை பொய்லர் இல்லையோ?"

"இல்லை. கரண்டிலை எரியிற சின்ன ஹீற்றர் ஒண்டு."

"அப்ப எனக்கு இவ்வளவு நாளும் சொன்ன கணக்கு?"

"வெளியிலை எத்தினை பாகை எண்டு போனிலை பாப்பன். மிச்சத்தை நீர் படிப்பிச்ச மாதிரி நானே போட்டுச் சொல்லுவன். நேற்று அவசரத்திலை மாறிப்போச்சு. பொய்லர் இல்லையெண்டு சொன்னால் நீர் பேந்து என்னத்தைக் கேப்பீர்? திரும்பியும் சாப்பிட்டீரோ, வேறை, வேறை எண்டு..."

திட்டுவதற்கு வாய் திறந்தேன். எழுபத்தெட்டுக்கு இறக்கச் சொன்னவள் யார் என்ற நினைப்பு வந்து வாயை மூடியது.

"கமராவைப் போடுங்கோ," என்றேன்.

போட்டார். பழுது ஒன்றுமில்லை. தலையில் கம்பளித் தொப்பி, மேலே தடித்த கோட், அறைக்குள்ளேயே கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். பின்னால் அட்டைப் பெட்டிகள். வெளிச்சம் இந்தத் தடவை முகத்தில் விழுந்தது. தாடி முழுக்க வெள்ளை. நாற்பத்தெட்டு வயது மனிதர். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது, அறைக்குள்ளே.

போகிற தண்ணீர் எத்தனை, வருகிற தண்ணீர் எத்தனை, வெளியில் எத்தனை என்று நான்கு மாதம் கேட்டிருக்கிறேன். ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை.

"குளிருதோ?"

அவர் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டார். நல்லதை மட்டும் சொல்லிப் பழகிய வாய்.

"ஓம்," என்றார். "சரியாக் குளிருது."

எங்கள் ஊரில் யாரும் வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் 'வாங்கோ' என்று சொல்வதில்லை. சொன்னால் அங்கே அவருக்கு வேலை ஓடாது, மனம் உடைந்துவிடும், வழக்குக் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். நானும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு நான் செய்யும் பெரிய உதவி என்று நம்பியிருந்தேன்.

"காணும்," என்றேன். "வழக்கும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். என்ரை சம்பளம் இருக்கு, வீடு இருக்கு. வெளிக்கிட்டு வாங்கோ."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"பன்னிரெண்டு வருசத்திலை நீர் ஒருநாளும் வாங்கோ எண்டு சொல்லேல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ரெண்டாம் வருசமே வழக்கு சரிவராது எண்டு லோயர் சொல்லிப்போட்டார். அப்பவே வந்திருப்பன். நீர் கூப்பிடேல்லை. வெறுங்கையோடை வந்து நிண்டால் உமக்கு வெக்கமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"முதலிலை அந்தத் தொப்பியைப் போடுங்கோ," என்றேன்.

இப்போது அவர் வழக்கை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பயணக் கடிதம் வர மூன்று மாதம் ஆகுமாம். அறைக்கு இன்னொரு ஹீற்றர் வாங்கச் சொன்னேன், வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் இரண்டரைக்கு எடுக்கிறார், ஒருவருக்கொருவர் கெட்டதையும் சொல்கிறோம், சிலநாள் கடைக்கு நேரம் பிந்திவிடுகிறது. பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு மூன்று மாதம் ஒரு பெரிய காரியமா என்று அடுத்த வீட்டு அக்கா நேற்றுக் கேட்டா.

பெரிதுதான் என்றேன்.